பெயர் எழுதாத பை

இரத்தப் பையின் மேல் ஒட்டப்படும் சீட்டில் இரத்தத்தின் பிரிவு இருக்கும்; எடுத்த தேதியும் காலாவதியாகும் தேதியும் இருக்கும்; செய்த பரிசோதனைகளின் முடிவும், ஒரு தொடர் எண்ணும் இருக்கும்; தந்தவரின் பெயர் மாத்திரம் இராது. அந்தப் பெயர் அலுவலக அலமாரியில் பூட்டி வைக்கப்பட்ட பதிவேட்டில், அதே எண்ணுக்கு நேரே, நோயாளியோ அவருடைய சுற்றத்தாரோ காண இயலாத இடத்தில் எழுதப்பட்டிருக்கும். தென் மாவட்டத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்த வங்கியில் பரிசோதகனாகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். கிறிஸ்தவ அன்பைக் குறித்துப் பிரசங்க பீடங்களிலிருந்து நான் கேட்ட அநேக வியாக்கியானங்களைக் காட்டிலும், அந்தச் சீட்டில் எழுதாமல் விடப்பட்ட பெயர் எனக்கு அதிகமாகப் போதித்திருக்கிறது என்று சொன்னால், எங்கள் ஐயர்மார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நான் வேலையில் அமர்ந்த எழுபதுகளின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் பை எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. ரப்பர் அடைப்பான் போட்ட கண்ணாடிக் குப்பியில்தான் இரத்தம் எடுப்போம். இரத்தம் உறையாதபடி காக்கும் ஏ.சி.டி. என்னும் திரவம் குப்பிக்குள் முன்கூட்டியே இருக்கும். அதில் சேர்ந்த இரத்தம், குளிர்பதனப் பெட்டியில் 21 நாள் வரை கெடாது. ரப்பர்க் குழாய்களைக் கழுவி, கொதிநீராவியில் சுத்திகரித்து, மறுபடியும் உபயோகிப்போம். மழுங்கிப்போன ஊசிகளைச் சாணைக் கல்லில் தீட்டிக் கொடுப்பதற்கென்றே ஒரு முதிய உதவியாளர் இருந்தார். பிற்பாடு பை வந்தது, அதிலுள்ள சி.பி.டி.ஏ. கரைசலின் தயவால் ஆயுள் 35 நாளாக நீண்டது; ஒரே பையின் இரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரித்து வெவ்வேறு நோயாளிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் வித்தையும் கூடவே வந்தது. இவையெல்லாம் விஞ்ஞானத்தின் கிருபை. ஆனால், யாராவது ஒரு மனிதர் வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கட்டிலில் படுத்தாலொழிய இவற்றில் எதற்கும் வேலை இல்லை என்பது அன்றும் இன்றும் மாறாத சங்கதி.

அக்காலத்தில் பெரிய நகரங்களின் ஆஸ்பத்திரி வாசல்களில் இரத்தம் விற்று ஜீவித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தரகர்களும் இருந்தார்கள். சென்ற வாரம் ஓரிடத்தில் ஒரு பெயரும், இந்த வாரம் வேறோரிடத்தில் வேறொரு பெயருமாகக் கொடுத்துக் கொடுத்து, வெளிறிப்போன நாக்கும் நகமுமாய் நின்ற அம்மனிதர்களை நான் பயிற்சிக் காலத்திலே கண்டிருக்கிறேன். பணத்துக்காகக் கொடுப்பவன் தன் வியாதியை மறைப்பதற்குக் காரணம் உண்டு, காசு வாங்காமல் கொடுப்பவனுக்கு அக்காரணம் இல்லை, ஆகையால் தானமாக வரும் இரத்தமே நோயாளிக்கும் க்ஷேமம் என்று ரிச்சர்ட் டிட்மஸ் என்ற ஆங்கிலேய ஆசிரியர் 1970இல் ஒரு நூலே எழுதி வாதித்தார். நம் தேசத்தில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பின் பேரில், 1998 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் இரத்தம் விற்பது முற்றிலும் தடை செய்யப்பட்டது. எங்கள் ஆஸ்பத்திரியின் மூத்த டாக்டரம்மா அதற்கு வெகுகாலம் முன்னரே, விலைக்கு வந்த இரத்தம் இந்த வாசற்படி தாண்டக்கூடாது என்று ஓர் உத்தரவு போட்டிருந்தார்கள். உத்தரவு போடுவது எளிது. நடுராத்திரியில் இரத்தத்துக்கு எங்கே போவது என்ற கேள்வியோ எங்களுடையது.

அதற்கு விடையாக ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. நர்ஸ் பயிற்சி மாணவிகள், ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் வாலிபர்கள், வேதாகமப் பள்ளியில் உபதேசியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள், ஆஸ்பத்திரிச் சமையற்காரர், தோட்டக்காரர், வாசற்காவலர், டாக்டர்கள் ஆகிய எல்லாருடைய இரத்தப் பிரிவும், அவர்கள் கடைசியாகக் கொடுத்த தேதியும், பிரிவுவாரியாக அதில் எழுதப்பட்டிருக்கும். பிரசவ வார்டிலிருந்தோ ஆப்பரேஷன் தியேட்டரிலிருந்தோ ஆள் ஓடி வந்தால், நோட்டைப் பிரித்து, மூன்று மாதம் கடந்தவர் எவர் என்று பார்த்து, ஹாஸ்டலுக்கு ஆள் அனுப்புவோம். தூக்கக் கலக்கத்தோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து படுத்த அந்தப் பெண்பிள்ளைகளில் ஒருத்தியாவது, இது யாருக்கு என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. மறுநாள் பரீட்சை இருக்கிறது, காலையில் ஒருமணி நேரம் தாமதித்து எழுந்திருக்க வார்டன் அம்மாளிடம் சொல்லி வையுங்கள் சார், என்று மாத்திரம் கேட்பார்கள். அவ்வளவுதான் அவர்கள் கேட்ட பிரதிபலன்.

நோயாளியின் வீட்டார் கொடுக்கத் தயங்குவதும், முன்பின் அறியாத மாணவி கொடுத்துவிட்டுப் போவதும் ஒரே கூடத்தில் நடப்பதைப் பார்க்கப் பார்க்க, வீட்டார்மீது எனக்கு ஆரம்பத்தில் கோபம் வந்தது உண்டு. நாளடைவில் அது தணிந்தது. தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து மருமகளைக் கொண்டுவந்திருந்த ஒரு தாயார், மகனை என் அறைக்குள் விடாமல் வாசலை மறித்து நின்று, "ஐயா, இவன் பனையேறுத பிள்ள, ரத்தத்த எடுத்துட்டியன்னா நாளைக்கு மரத்து உச்சியில எப்படி நிப்பான்?" என்று கேட்டாள். கேட்டதில் நியாயம் இருந்தது. இரத்தம் கொடுத்த மறுதினம் உயரமான மரத்தில் ஏறக்கூடாது என்பதே வைத்திய விதி. ஒருநாள் ஏறாவிட்டால் பதனீர் போச்சு, கூலி போச்சு என்பது அவளுடைய கணக்கு. ஏழையின் வீட்டில் பயம் என்பது பல சமயம் கணக்கின் மறுபெயர்தான். அதை அன்பின்மை என்று தீர்ப்புச் சொல்ல, மாதச் சம்பளக்காரனாகிய எனக்கு அருகதை இல்லை.

வேறொரு குடும்பத்தார் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. அதை மாத்திரம் என்னால் அவ்வளவு எளிதாக மன்னிக்க முடியவில்லை. பிள்ளை பிறந்த பின் இரத்தப் போக்கு நிற்காமல், ஓ பிரிவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் தியேட்டரில் கிடந்தாள். குளிர்பதனப் பெட்டியில் அந்தப் பிரிவில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. நோட்டில் அடுத்த பெயர் இராக்காவலருடையது. அவரை வரவழைத்து, ஒரு குப்பி எடுத்து, அவருடைய சிவப்பணுவையும் அப்பெண்ணின் சீரத்தையும் கண்ணாடிக் குழாயில் சேர்த்து, உடற்சூட்டளவு வெந்நீர்த் தொட்டியில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இரண்டும் ஒத்துப்போகுமானால் குழாயின் அடியில் படிந்த சிவப்பு, தட்டிவிட்டதும் புகைபோல் சீராகக் கலைந்து எழும்பும். ஒவ்வாவிட்டால் சிறு சிறு கட்டிகளாய்த் திரண்டு நிற்கும். அன்று சீராகவே எழும்பியது. குப்பியைக் கொடுத்தனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கையில், அப்பெண்ணின் தகப்பனார், படித்தவர், நல்ல உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கையில் வேதப்புஸ்தகத்தோடு என் அருகே வந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். ரத்தம் குடுத்தது யாரு? நம்ம ஆளுகதானே?"

"ஓ பாசிட்டிவ் ஐயா."

"அது தெரியுது. ஆளு யாருன்னு கேக்கேன்."

"சீட்டுல நம்பர்தான் ஐயா இருக்கும்."

காவலர் பத்தடி தூரத்தில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, நர்ஸ் கொடுத்த காப்பியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். சம்பாஷணை அவர் காதில் விழாமல் இருந்திராது. காப்பியை முடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, லாந்தரை எடுத்துக்கொண்டு தம் கேட்டுக்குப் போனார். அவர் எந்தத் தெருவிலிருந்து வேலைக்கு வருகிறார் என்பதை அந்தப் பெரியவர் அறிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் யோசித்துப் பார்க்க விரும்பவில்லை. அப்பெண் பிழைத்தாள்; பத்துப் பன்னிரண்டு நாளில் குழந்தையோடு வீடு போய்ச் சேர்ந்தாள்.

நல்ல சமாரியன் கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழியில் கள்ளர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனை, ஆசாரியனும் லேவியனும் விலகிக் கடந்து போக, தீண்டத்தகாதவன் என்று யூதர் ஒதுக்கிவைத்த சமாரியன் தூக்கியெடுத்துக் காயம் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கு இரண்டு பணமும் கொடுத்துவிட்டுப் போனான். நாம் அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நம்மைச் சமாரியனாகவே பாவித்துக்கொள்கிறோம். இரத்த வங்கியில் நின்று கேட்டால் அது வேறுவிதமாய்த் தொனிக்கிறது: கீழே கிடந்தவன், தன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்ப்பவன் எந்த ஜாதியான் என்று விசாரிக்கும் நிலையில் இல்லை, பெற்றுக்கொள்வதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. கொடுக்கிற தாழ்மையைவிடப் பெற்றுக்கொள்கிற தாழ்மை நம்மவர்க்குக் கடினமாயிருக்கிறது. கல்யாணத்திலும் கல்லறையிலும் கமிட்டித் தேர்தலிலும் ஜாதியை விடாத சபைகள் நம்மிடையே இல்லை என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். அத்தகைய சபையாரும் மறுப்புச் சொல்லாமல், விசாரிக்காமல், ஒருவருடையதை மற்றொருவர் ஏற்றுக்கொள்ளும்படி செய்தது, பெயரை எழுதாத அந்தச் சீட்டுத்தான்.

இரத்த தானத்தைப் பற்றிப் பேச எழும்பும் போதகர்களில் அநேகர், உடனே கல்வாரிக்குப் போய்விடுகிறார்கள். கிறிஸ்துநாதர் நமக்காகத் தம் இரத்தத்தைச் சிந்தினார், நாமும் பிறருக்காகச் சிந்துவோம் என்பார்கள். கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது, பழைய உருக்கமுங்கூட. 1667இல் லண்டனில், ராயல் சொஸைட்டி அறிஞர்கள் கூடியிருந்த இடத்தில், ஆர்தர் கோகா என்னும் கேம்பிரிட்ஜ் பட்டதாரி, இறையியல் படித்தவர், ஓர் ஆட்டின் இரத்தத்தைத் தம் நரம்பில் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார். ஏன் ஆட்டின் இரத்தம் என்று கேட்டபோது, கிறிஸ்து தேவ ஆட்டுக்குட்டி ஆகையால் ஆட்டின் இரத்தத்துக்கு அவருடைய இரத்தத்தோடு ஒரு சம்பந்தம் உண்டு என்னும் கருத்துப்பட அவர் விடை கூறினாராம். அவர் பிழைத்தது அதிர்ஷ்டமே தவிர, இறையியலால் அன்று. மனிதன் இரத்தத்தை மனிதனுக்கு ஏற்றும் முயற்சியை 1818இல் ஜேம்ஸ் பிளண்டல் என்ற லண்டன் டாக்டர் தொடங்கினார். பிரசவத்தில் இரத்தம் போய்த் தாய்மார் மரிப்பதைக் கண்டு பொறாமல்தான் அவர் அதில் இறங்கினார். ஒருவர் இரத்தம் ஏன் ஒருவருக்குச் சேர்கிறது, மற்றொருவரை ஏன் கொல்கிறது என்னும் இரகசியத்தை வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் வெளியிட்டார். அதன் பிறகே எங்கள் தொழில் தொழிலாயிற்று.

போதகர்களுடைய உவமானத்தில் எனக்குள்ள ஆட்சேபம் இதுதான்: அது மிகப் பெரியது. 350 மில்லி கொடுத்த ஒருவர், கால்மணி நேரம் படுத்திருந்து, பிஸ்கட்டும் பழரசமும் அருந்திவிட்டு எழுந்து போகிறார். போன நீர்ப்பகுதி ஒன்றிரண்டு நாளில் ஈடாகிவிடுகிறது. சிவப்பணுக்கள் சில வாரங்களில் மறுபடியும் உண்டாகிவிடுகின்றன. இதைச் சிலுவைப் பலியோடு ஒப்பிட்டால், கொடுக்கிறவனுக்கு அகந்தை வரும். கொடாதவனுக்கு, நம்மால் ஆகிற காரியமா என்ற திகில் வரும். வேதத்தில் இதற்குப் பொருத்தமான இடம் வேறொன்று உண்டென்பது என் துணிபு. அறுவடை செய்கிறவன் தன் வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல், சிந்திய கதிர்களைப் பொறுக்காமல், எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்று மோசேயின் பிரமாணம் விதிக்கிறது. மோவாபியப் பெண்ணாகிய ரூத், போவாசின் வயலில் அப்படித்தான் கதிர் பொறுக்கினாள். ஓரத்துக் கதிரை விட்டவன் பிச்சை போடவில்லை. யார் வந்து பொறுக்குவார்கள் என்று அவனுக்குத் தெரியாது. வயலும் அதனால் குறைந்துபோய்விடவில்லை, அடுத்த போகம் விளைந்தது. அது தியாகமல்ல, ஒழுங்கு. இரத்தம் கொடுப்பதும் அந்த இனத்தைச் சேர்ந்ததே என்று நான் வாலிபர் ஐக்கியக் கூட்டங்களில் சொல்லிவந்திருக்கிறேன். சிலுவையைச் சொன்னபோது வந்தவர்களைக் காட்டிலும் இதைச் சொன்னபோது வந்தவர்களே அதிகமாய் மறுபடியும் வந்தார்கள்.

அந்த ஒழுங்கை நவீன காலத்தில் ஓர் ஏற்பாடாக ஆக்கியவர் ஒரு பிரசங்கியாரல்லர், பெர்ஸி லேன் ஆலிவர் என்னும் சாதாரண நகரசபை உத்தியோகஸ்தர். 1921இல் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து அவசரமாக ஆள் கேட்டு, செஞ்சிலுவைச் சங்கத்தின் கேம்பர்வெல் கிளைக்கு அழைப்பு வந்தது. கிளையின் காரியதரிசியாயிருந்த அவர் சிலரை அழைத்துக்கொண்டு போனார். அந்த ஓர் இரவோடு விடாமல், அழைத்த நேரத்தில் காசு வாங்காமல் வருவோரின் பட்டியல் ஒன்றைத் தம் வீட்டிலேயே, மனைவியின் துணையோடு, தொலைபேசியை வைத்துக்கொண்டு நடத்தலானார். முதல் உலக யுத்தக் காலத்தில் பெல்ஜியத்தில் பிலிப் கிளேட்டன் என்னும் குருவானவர் தோற்றுவித்த டாக் எச் என்ற கிறிஸ்தவ சகோதரக் கூட்டத்தாரும் அப்பணியில் அவருக்குத் துணை நின்றார்கள். எங்கள் நோட்டுப் புத்தகத்துக்கு அவரே மூதாதை என்று படித்து அறிந்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் சொல்லி முடியாது.

இனி, பெரிய வெள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் உத்தியோக காலத்தில் என்னை அதிகமாய் வாட்டியது அந்தப் பரிசுத்த தினமே. எங்கள் வட்டாரத்துச் சபை ஒன்றில் வாலிபர்கள் உற்சாகங்கொண்டு, பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை முடிந்ததும் இரத்த தான முகாம் என்று அறிவித்துவிட்டார்கள். லெந்து காலம் நாற்பது நாளும் ஒருசந்தி இருந்தவர்கள் சிலர். அன்றைய தினம் பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் உபவாசம் இருந்தவர்கள் பலர். திருநெல்வேலிச் சீமையின் பங்குனி வெயில் ஓட்டுக்கூரை வழியே இறங்க, பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கம் கேட்டவர்கள் எல்லாரும். ஆராதனை முடிந்து கோயில் வாசலில் கஞ்சி ஊற்றுவதற்கு முன்பே, வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள், கண்களில் நீர் தளும்ப. முதலில் படுத்த வாட்டசாட்டமான வாலிபன், பை பாதிகூட நிரம்புமுன் முகம் வெளுத்து, நெற்றியில் முத்து முத்தாய் வியர்த்து, "சார், ஒரு மாதிரியா இருக்கு" என்றான். ஊசியை எடுத்துவிட்டு, தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்திப் பிடித்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டோம்; ஐந்து நிமிஷத்தில் தெளிந்துவிட்டான். அதற்குள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த இருவர் வரிசையிலேயே சாய்ந்தார்கள். அன்று மேற்கொண்டு யாரிடமும் எடுக்க மாட்டேன், எல்லாரும் போய்க் கஞ்சி குடியுங்கள் என்று நான் சொன்னபோது, மூப்பர் ஒருவர், கர்த்தருக்காக உபவாசம் இருப்பவர்களுக்குக் கர்த்தரே பெலன் கொடுப்பார் என்று என்னோடு வாதிட்டார். கொடுப்பார்தான்; ஆனால் இரத்த அழுத்தத்தைக் கஞ்சியின் மூலமாகவே கொடுக்கிறார்.

மயக்கம் ஒரு பக்கம் இருக்க, அதனிலும் பெரிய தொல்லை பஞ்சாங்கத்தில் இருந்தது. பெரிய வெள்ளி, மார்ச்சுக் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும். அந்தத் தினத்தை ஒட்டி நாலைந்து சபைகள் முகாம் நடத்தினால், எங்கள் குளிர்பதனப் பெட்டி நிறைந்து வழியும். செலவாகாமல் நின்ற பைகள் 35 நாளில் காலாவதியாகும். அப்படிக் காலாவதியான பைகளை நீராவி அடுப்பில் வைத்து அழிக்கும் வேலை என்னுடையது. உருக்கத்தோடு கொடுத்தவர்களின் முகங்கள் கண்முன் வர, பை பையாய் எடுத்து அதில் அடுக்குவது போன்ற மனக்கசப்பான வேலை எங்கள் தொழிலில் வேறில்லை. அது முடிகிற வேளையில்தான் மே மாதம் பிறக்கும், கல்லூரிகளும் பயிற்சிப் பள்ளிகளும் விடுமுறை விட்டிருக்கும், ஹாஸ்டல்கள் காலியாயிருக்கும், நோட்டில் உள்ளவர்களில் பாதிப்பேர் ஊரில் இருக்கமாட்டார்கள். பிரசவமும் சாலை விபத்தும் விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை. தட்டணுவின் பாடு இன்னும் மோசம். அது அறைச் சூட்டில், ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கும் தட்டில் வைத்தாலும் ஐந்து நாள்தான் தாங்கும்.

இதை அந்தச் சபையின் போதகரிடம் போய் விவரமாகச் சொன்னேன். "அப்படியானால் என்றைக்கு வைத்துக்கொள்ளலாம், சொல்லுங்கள்" என்று கேட்டார். மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என்றேன். "அன்றைக்குச் சபையில் ஒரு விசேஷமும் இல்லையே" என்றார். "ஆமாம் ஐயா, அதனால்தான்" என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். பெண்கள் ஐக்கியத்தார் காலையில் இட்லி அவித்துப் போட, வயிறார உண்டபின் கொடுத்தவர்களில் அந்த வருஷம் ஒருவரும் மயங்கவில்லை. பெரிய வெள்ளிக்கு வந்த கூட்டத்தில் பாதிகூட அன்று வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வந்தவர்களுடைய இரத்தமோ ஒரு பையும் வீணாகவில்லை.

அந்த இட்லி அவித்த பெண்களில் அநேகர் தாங்களும் கொடுக்க வந்தார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த துளியை மயில்துத்தக் கரைசலில் விட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாதிருந்தால், துளி நீல நீரில் நேரே 15 விநாடிக்குள் அடிக்குப் போய்விடும். குறைந்திருந்தால், பாதியில் தயங்கி நிற்கும், அல்லது மேலேறி வந்துவிடும். சபையின் பெண்களுடைய துளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்ததை நான் மறக்க முடியாது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சியதை உண்கிற பெண்களின் இரத்தம் அப்படித்தான் இருக்கும். கொடுக்க முடியவில்லையே என்று கண் கலங்கியவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினோம். பிறருக்கு இரத்தம் கொடுக்கப் புறப்படும் சபை, தன் வீட்டுப் பெண்களுக்கு ஒரு கீரைக்கறியாவது முதலில் பரிமாறட்டும் என்று போதகரிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவர் அதைப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார் என்று கேள்வி.

சென்னையில் 1986இல் எச்.ஐ.வி. கிருமி நம் தேசத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதிலிருந்து எங்கள் தொழிலின் முகமே மாறிவிட்டது. 1989இலிருந்து ஒவ்வொரு பையையும் அதற்காகப் பரிசோதிப்பது கட்டாயமாயிற்று. மஞ்சட்காமாலையின் பி, சி வகைகளும், மேகநோயும், மலேரியாவும் இன்று செய்யும் பரிசோதனைகளில் அடங்கும். ஆனால் எந்தப் பரிசோதனைக்கும் ஒரு குருட்டு இடைவெளி உண்டு: கிருமி உடம்பில் புகுந்த பின் சில காலம்வரை அது பரிசோதனையில் அகப்படாது. அந்த இடைவெளியை அடைக்க விஞ்ஞானத்திடம் உள்ளதைவிட நல்ல சாதனம், கொடுப்பவரின் நாவிலுள்ள உண்மை ஒன்றே. ஆகையினால்தான் அத்தனை கேள்விகள் கேட்கிறோம். அவற்றில் சில, தகப்பன் முன்னிலையிலும் போதகர் முன்னிலையிலும் பதில் சொல்லக் கூடாத கேள்விகள்.

சபை முகாம்களில் இது பெருஞ் சங்கடம். வாலிபர் ஐக்கியம் முழுவதும் வரிசையில் நிற்க, போதகர் நாற்காலி போட்டு அமர்ந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உற்சாகப்படுத்த, ஒருவன் மாத்திரம் நான் கொடுக்கவில்லை என்று விலகினால், ஊர் முழுவதும் ஒரு மாதம் அதையே பேசும். அதனால் கேள்வி கேட்கும் இடத்தை எப்போதும் தனியறையாக, கதவு சாத்தியதாக, போதகர் நாற்காலியிலிருந்து காதுக்கு எட்டாததாகத் தெரிந்தெடுப்பேன். அப்படி ஓர் அறையில், நன்றாய்ப் பாடக்கூடிய, எல்லாரும் மெச்சிய ஒரு பிள்ளையாண்டான், தாளை என் பக்கமாகத் தள்ளிவிட்டு, "சார், என் ரத்தம் வேண்டாம். எதுக்குன்னு கேக்காதிய" என்றான். நான் கேட்கவில்லை. விரலில் குத்திய இடத்தில் வைத்த பஞ்சோடு அவனை வெளியே அனுப்பி, இன்றைக்கு எடுப்பதற்கில்லை, போய்ச் சாப்பிடு தம்பி என்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன். ஹீமோகுளோபின் குறைந்தவர்களுக்குச் சொல்வதும் அதே வார்த்தைதான் ஆகையால் ஒருவரும் சந்தேகிக்கவில்லை. மறுநாள் மாலை ஆஸ்பத்திரிக்கு அவன் தனியே வர, ஆலோசனை சொல்லும் டாக்டரிடம் சேர்த்துவிட்டேன். அன்று முகாமில் பை பையாகக் கொடுத்தவர்களுக்கு எந்த விதத்திலும் குறையாத அன்பை அவன் காண்பித்தான் என்பது என் தீர்ப்பு. கொடுத்தவர்களுக்குக் கைதட்டல் கிடைத்தது. ஒருவேளை தன் பேர் கெடும் என்று தெரிந்தே, முகம் அறியாத ஒரு நோயாளியை அவன் காப்பாற்றினான்.

வேதத்தைக் காட்டியே இரத்தம் ஏற்றிக்கொள்ள மறுக்கும் யெகோவா சாட்சிகளும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்ததுண்டு. அவர்களுடைய அமைப்பு 1945 முதல் அப்படிப் போதிக்கிறது. நான் அவர்களோடு வாதிட்டதில்லை. டாக்டர்கள், வேறு மருந்தாலும் திரவத்தாலும் ஆனமட்டும் பார்த்தார்கள். கட்டாயப்படுத்தி ஏற்றுவது, கட்டாயப்படுத்தி எடுப்பதைப் போலவே எங்கள் தொழிலுக்கு ஒவ்வாத காரியம்.

இதை வாசிக்கும் சபையாருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பதினெட்டு வயது நிரம்பிய ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும், 45 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல சுகமும் உள்ளவர்களானால், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். 65 வயது வரையிலும் கொடுக்கலாம். சபை ரிஜிஸ்டரில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில் இரத்தப் பிரிவையும் எழுதி வையுங்கள். எல்லாரையும் ஒரே நாளில் அழைத்து வராதேயுங்கள். மாதம் ஒரு தெரு, அல்லது ஒரு ஜெபக்குழு என்று பிரித்து அனுப்புங்கள். முகாமன்று போதகர் நாற்காலியைச் சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்தில் போடுங்கள், கேள்வி கேட்கும் அறைக்குப் பக்கத்தில் வேண்டாம். எடுக்கவில்லை என்று திரும்பி வருபவரிடம் காரணம் கேட்காதேயுங்கள். பெரிய வெள்ளிக்கு உபவாசம் இருந்து ஜெபியுங்கள். இரத்தம் கொடுக்க, மே மாதத்தில், காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.